இன்னொரு பொட்டலம்

சாமியிடம் கேட்ட கேள்வியில் கை வைத்தவள் என்று எங்கள் ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க என்னைப் பேசுகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்காரக்கூட ஒருத்தி யோசிக்கிறாள். பேசட்டும், யோசிக்கட்டும். மறுபடியும் அதே நாள் வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். ஆனால் பேசுகிற யாருக்கும் கதை முழுசாகத் தெரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் பாலுசாமிக்குக் கோயமுத்தூர் கணபதியில் பவுண்டரி. மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுப்பது தொழில். வீடும் பட்டறையும் ஒரே காம்பவுண்டுக்குள். சொந்த ஊர் தாராபுரத்துக்குத் தெற்கே, அமராவதிக் கரையில் வேலங்கரடு. அங்கேதான் எங்கள் கூட்டத்துக் குலதெய்வம் வீரமாத்தியின் கோயில் இருக்கிறது. கோயில் என்பது மரியாதைக்குச் சொல்வது. முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கிய ஒரு வட்டம், நடுவில் ஒரு குழி, அவ்வளவுதான். அந்தக் குழியில் ஒரு காலத்தில் அவளுடைய கல் நின்றது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்குப் பாலம் போட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவன் அதைப் பார்த்து ஆசைப்பட்டு, பெயர்த்து, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டான். கயிறு கட்டித் தூக்கிக் கொடுத்தது நம் ஆட்கள்தான். அதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். கல் போன பிறகு குழிக்கே விளக்கு வைத்தார்கள், குழிக்கே பொங்கல் வைத்தார்கள், வருஷத்துக்கு ஒரு தரம் குழியோரம் சேலையும் வளையலும் வைத்துக் கும்பிட்டார்கள்.

கல்லில் இருந்தவள் எங்கள் கூட்டத்தில் பிறந்த பெண் அல்ல, வாக்கப்பட்டு வந்தவள். என்னை மாதிரி. புருஷன் சண்டையில் செத்து அவன் உடம்பு வீட்டுக்கு வந்தபோது, இவளும் கூடவே தீயில் இறங்கலாமா வேண்டாமா என்று பூக்கேட்டார்களாம். பூக்கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பூவரச இலையில் செவ்வரளி, இன்னொன்றில் வெள்ளரளி. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாக மடித்து வாழைநாரில் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒரு சின்னப் பெண்குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. பெண் எடுக்க, கிணறு வெட்ட, மில்லுக்குப் பங்கு போட என்று இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் கேட்கிறோம். அன்றைக்குப் பொட்டலம் எடுத்த குழந்தை, அவளுடைய சொந்த மகள். வெள்ளை வந்தது. மகளை முத்தமிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினாள் என்று என் மாமியார் குழந்தையம்மாள் கண் கலங்கக் கதை சொல்வார். சிரித்ததை யாருங்க பார்த்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

என் புருஷன் பட்டறையில் மோட்டார் டெஸ்ட் செய்யும்போது கரண்ட் அடித்துச் செத்துப்போனார். அப்போது என் மகள் லோகப்பிரியா கைக்குழந்தை. வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள், எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாள் தலைவலி பொறுக்காமல் நான் ஒரு வாய் காப்பி கேட்டேன். மாமியார் துக்கத்துக்கு வந்திருந்த பொம்பளைகளைப் பார்த்துச் சொன்னார்: "இதே கூட்டத்துல ஒருத்தி புருசனோடவே போனா. இவளப் பாருங்க, காப்பி கேக்கறா." மகனைப் பறிகொடுத்த வாய், என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னது என்று பிறகு எல்லாரும் சமாதானம் செய்தார்கள். நானும் சமாதானம் ஆகிவிட்டதாகத்தான் காட்டிக்கொண்டேன். ஆனால் அன்றையிலிருந்து எனக்கு வீரமாத்தி என்றாலே அந்தக் காப்பியின் கசப்புதான்.

என் கொழுந்தன் லட்சுமிநாராயணன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். அவர்தான் அங்கே ஒரு ஊர் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லைப் பார்த்தவர். கீழே தாராபுரம் தாலுகா, வேலங்கரடு என்று ஊர்ப் பெயரே எழுதியிருந்ததாம். போனில் சொன்னபோது மாமனார் பட்டறையை அன்றைக்கு நிறுத்திவிட்டு எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார். திருப்பித் தரச் சொல்லி எழுத ஆரம்பித்தோம். வீட்டில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அத்தனை மனுவையும் டைப் அடித்தது நான். அப்போது எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கேட்காமல் எடுத்துப்போனதைத் திருப்பிக் கொடுக்க என்ன கேடு என்று எனக்கே ஆத்திரமாகத்தான் இருந்தது. அவர்கள் சாக்கு சொல்லச் சொல்ல, நான் இன்னும் சூடாக எழுதினேன். வருஷக்கணக்கில் இழுத்தது.

தொண்ணூற்றாறு வைகாசியில்தான் மியூசியம் இறங்கி வந்தது. தர மனசு இருக்கிறது என்று எழுதி, கல்லின் பெரிய போட்டோ ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். அதுவரை அவளை நான் சரியாகப் பார்த்ததில்லை. வாளோடு ஒரு ஆண், பக்கத்தில் இவள். மூக்கும் வாயும் தேய்ந்துபோய், முகம் என்று ஒன்றும் இல்லை. வலது கை மட்டும் மேலே தூக்கி மடங்கி நிற்கிறது. அதில் வளையல்கள் நேற்றுச் செதுக்கியது மாதிரி தெளிவாக இருந்தன. கல்லுக்குக் கீழே பலகையில், புருஷனைத் தொடர்ந்து தன் விருப்பத்தோடு தீயில் இறங்கிய பெண் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இன்ஜினியரிடம் நம் ஆட்கள் சொல்லியிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் சாமி அறையில் விளக்குப் பற்ற வைக்கும்போது முடி கருகும் வாசனை வந்தது. பவுண்டரி வீட்டில் கருகல் வாசனை புதிது இல்லை. மண் கருகும், கரி கருகும், ரப்பர் கருகும், எங்களுக்கு எல்லாம் பழக்கம். ஆனால் இது முடி. என் தலையைத் தடவிப் பார்த்தேன், மகள் தலையைத் தடவிப் பார்த்தேன். அப்புறம்தான் வளையல் சத்தம் கேட்டது. வாசற்படிக்கு அந்தப் பக்கம், மெல்லிசாக, யாரோ கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொள்வதுபோல. மாமியார் கையில் இருப்பது தங்கக் காப்பு, அது குலுங்காது. என் கை மொட்டை. லோகப்பிரியா பள்ளிக்கூடத்தில் வளையல் போட விடமாட்டார்கள்.

எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்று பேசாமல் இருந்தேன். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசனை வரும், சத்தம் வரும், போகும். ஒரு நாள் லோகப்பிரியா வீட்டுப் பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஏம்மா, நீ வளையல் போட்டிருக்கியா?" என்று கேட்டாள். இல்லையே கண்ணு என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு, வாசற்படியையும் பார்த்தாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் இல்லாமல் போயிற்று. வீரமாத்தி வந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், என்னைக் கூட்டி வராதே என்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். எரித்தவர்கள் ஊருக்கு எவள் திரும்பி வர ஆசைப்படுவாள்?

இதற்கு நடுவில் மியூசியத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. கல்லில் இருக்கும் பெண்ணைப் பற்றி உங்கள் வீட்டுப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள், அதை அறிந்தால் எங்கள் கமிட்டிக்கு முடிவெடுக்க உதவியாக இருக்கும் என்று. நான் மாமனாரிடம் வரி விடாமல் படித்துச் சொன்னேன். பொம்பளைங்க நெனைக்கறதுக்கு இதுல என்ன இருக்குது என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் அங்கேயே இருக்கட்டும் என்றேன். உடன்கட்டையைக் கொண்டாடக் கூடாது என்று இப்போது சட்டமே வந்திருக்கிறது என்றும் சொன்னேன். குலதெய்வத்துக்கு ஏது சட்டம் என்றார். மாமியார் ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கீழே வைத்தார்.

மாமனார் கெட்டவர் இல்லை. புருஷன் போன பிறகு என்னை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தது அவர்தான். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. "அம்மணி, அவ எரிஞ்சாளோ எரிச்சாங்களோ, நம்மூட்டுப் பொண்ணு. பாவம்னா அந்தப் பாவமும் நம்மளதுதான். அதக் கண்ணாடிப் பொட்டில வெச்சுக்கிட்டு எவனோ நமக்கு நாயம் சொல்றதா?"

அதை நான் மறுக்கவில்லை. இன்றைக்கும் மறுக்க மாட்டேன். வேறொன்று சொன்னேன். "அவன் கொண்டுபோறப்ப அவளக் கேக்கலீங்க மாமா. நாமளும் கேக்காமக் கொண்டாந்தா அவனுக்கும் நமக்கும் என்னங்க எச்சுக்கொறச்சல்?"

சரி, அவளையே கேட்டுப்போடலாம் என்றார் மாமனார். ஆடி அமாவாசைக்கு வேலங்கரட்டில் பூக்கேட்பது என்று முடிவாயிற்று. பொட்டலம் எடுக்கும் குழந்தை என் மகள் லோகப்பிரியா என்றும் அதே மூச்சில் முடிவாயிற்று. என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டேன். மகளை விடுங்க, வேறு குழந்தையைப் பாருங்க என்று எவ்வளவோ சொன்னேன். வம்சத்துப் பிள்ளை எடுப்பதுதான் பாக்கியம் என்று மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

மகளிடம் அவர் வீரமாத்தி கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கினார். பாரு கண்ணு, அந்தப் பாப்பாவும் உன்னாட்டத்தான் ஒண்ணே ஒண்ணு எடுத்துச்சு, வெள்ளை வந்துது என்று. குழந்தை அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, நான் சிவப்பு எடுத்துட்டா தாத்தா கோவிச்சுக்குவாங்களா, வெள்ளை எடுத்துட்டா நீ கோவிச்சுக்குவியா என்று கேட்டது. எட்டு வயசுப் பிள்ளையின் கையில் எதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்? அப்போதுதான் தீர்மானித்தேன். அவள் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டால் அவள் கை பாரம் இல்லாமல் இருக்கும், வேண்டாம் என்கிறவளும் அங்கேயே நிம்மதியாக இருப்பாள்.

அமாவாசை காலையில் வேலங்கரட்டு வீட்டில், கோயிலுக்குப் பூசை செய்யும் பண்டாரம் ஐயாசாமி குளித்துவிட்டு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து, எல்லார் கண் முன்னாலும் இரண்டு பொட்டலம் கட்டினார். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. தாம்பாளத்தில் வைத்து, புதுத் துணியால் மூடி, சாமி அறையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். அந்தத் தட்டை நான் தொடக் கூடாது. தாலி அறுத்தவள் தொட்டால் தீட்டு. தொட்டேன். கொல்லைப்புறத்தில் பறித்து நானே கட்டி வைத்திருந்த இரண்டு பொட்டலத்தைத் தட்டில் வைத்தேன். இரண்டிலும் செவ்வரளி. பண்டாரம் கட்டியதை எடுத்து என் இடுப்பில் சேலை மடிப்புக்குள் சொருகிக்கொண்டேன். அடுப்படிக்குப் போய்ப் பொங்கலைக் கிளறினேன்.

ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கோயில் வட்டத்துக்குள் விளக்கு நிற்கவே இல்லை. பண்டாரம் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, அதன் மறைவில் ஒருவழியாக ஏற்றினார். தட்டைக் காரில் மாமனாரே மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். குழிக்கு முன்னால் அதை இறக்கி வைத்துவிட்டு ஒரு ஓரமாக நின்றுகொண்டார். நான் வழக்கப்படி வட்டத்துக்கு வெளியே, வேலமரத்தடியில். முடி கருகும் வாசனை பகலிலேயே வந்துவிட்டது. காற்று அவ்வளவு வேகத்தில் அடித்தும் அது மட்டும் கலையவில்லை.

பண்டாரம் கேள்வியைக் கேட்டார். கடல் தாண்டி இருக்கிற தாயி, உன்ற எடத்துக்கு நீ வாரயா, வாரதுன்னா வெள்ளை குடு, இல்லீன்னா சிவப்பு குடு என்று. லோகப்பிரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பண்டாரம் நாரை அவிழ்த்து இலையை விரித்தார்.

வெள்ளை.

எல்லாரும் தலைக்கு மேலே கை தூக்கிக் கும்பிட்டார்கள். மாமியார் மண்ணில் விழுந்து அழுதார். நான் வேலமரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தட்டில் வெள்ளைப் பூவே கிடையாது. என் கையால் மடித்தது, என் கையால் வைத்தது. அப்போது வளையல் சத்தம் கேட்டது, குழிக்குள்ளிருந்து, அத்தனை காற்றிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்படியானால் அவள்தான் மாற்றியிருக்கிறாள். வருகிறேன் என்கிறாள். இத்தனை நாளும் நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். எரித்தவர்களிடமே வருகிறேன் என்று ஒருத்தி சொல்வாளா? சொல்கிறாளே. எனக்கு அவள் மேல் பயம் வந்தது. அதுவரை அவள் மேல் எனக்கு வந்ததெல்லாம் பரிதாபம்தான், பயம் வந்ததில்லை.

யாரோ லோகப்பிரியாவைத் தூக்கிக் கொஞ்சப் போனார்கள். அவள் உதறிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். "அம்மா, அந்தப் பாப்பா மாதிரியே நானும் வெள்ளைய எடுத்துப்போட்டேன். அவங்க மறுபடியும் எரிவாங்களா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. பேயோ சாமியோ, எதுவானாலும் என் பிள்ளை தலையில் இதைக் கட்டவிட மாட்டேன் என்று ஒரு வெறி வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் போனேன். ஐயோ என்று மாமியார் கிடந்த இடத்திலிருந்தே கத்தினார், பண்டாரம் அம்மணி அம்மணி என்றார். நான் தட்டில் மிச்சம் இருந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்தேன். என் கட்டு எனக்குத் தெரியாதா? நான் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே சொருகுவேன். இது முடிச்சுப் போட்டிருந்தது. பல்லால் கடித்து நாரை அறுத்து விரித்தேன்.

அதிலும் வெள்ளை.

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேட்டி மடி சற்று உப்பலாக இருந்தது. "மடியில இருக்கறதையும் பிரிங்க மாமா" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. மடியிலிருந்து இரண்டு பொட்டலத்தை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார். சிவப்பு. அடுத்ததில் வெள்ளை இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்திருப்பார். அதுவும் சிவப்பு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"என்ற அண்ணன் போனான். என்ற பையன் போனான்" என்றார். "இவ எடத்துல இல்லாததுனாலதான் போறாங்க அம்மணி. இருக்கறதையாச்சும் காப்பாத்தலாமுன்னு பாத்தேன்."

அவரைத் திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, திட்ட முடியவில்லை. அவர் அழுது நான் பார்த்தது மகன் செத்த அன்றைக்கு அப்புறம் அப்போதுதான். பண்டாரம்தான் பாவம், பிரித்த நாலு பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாங் கட்டுனது எங்கீங்க என்றார். நான் என் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினேன். இலை வியர்வையில் கசங்கியிருந்தது. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. எது எதில் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அப்போது மாமியார், விழுந்த இடத்திலிருந்து எழாமல், மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப அன்னிக்கும் இப்படித்தான் கட்டியிருப்பாங்களா?"

என்னைக் கேட்டாரா, குழியைக் கேட்டாரா தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் சிரித்துக்கொண்டே இறங்கினாள் என்று சொன்ன வாய் அது. அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த உண்மையான பொட்டலத்தை வைத்து மறுபடியும் கேட்டுவிடலாமா, பாப்பாவைக் கூப்பிடலாமா என்று பண்டாரம் தயங்கித் தயங்கிக் கேட்டார். என் பிள்ளை கை இனிமேல் எதையும் எடுக்காது என்று சொல்லிவிட்டேன். வேறு யாராவது எடுங்கள் என்றேன். பெரியவர்கள் அத்தனை பேர் நின்றார்கள், ஒருத்தர் கையும் நீளவில்லை. மாமனார் மட்டும் ஓரடி முன்னால் வந்தார், பிறகு நின்றுவிட்டார். பொட்டலம் இரண்டையும் பிரிக்காமலே குழியோரம் வைத்துவிட்டு, ஆறிப்போன பொங்கலைச் சாப்பிடாமல் வந்துவிட்டோம்.

மியூசியத்துக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டபோது, நீயே எழுதிப்போடு அம்மணி என்றார் மாமனார். எழுதினேன். கல் எங்களுடையதுதான், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் இன்னும் நாங்கள் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த பிறகு எழுதுகிறோம். அதுவரைக்கும் அந்தப் பலகையில் தன் விருப்பத்தோடு என்று இருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அது நாங்கள் சொன்ன பொய் என்று எழுதினேன். மாமனார் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பொய் என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார், பிறகு இருக்கட்டும் என்றார்.

பலகையிலிருந்து அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள் என்று லட்சுமிநாராயணன் போனில் சொன்ன அன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் நான் காத்திருந்தேன். முடி கருகும் வாசனை வரவில்லை. பட்டறைக் கரி வாசனை மட்டும்தான். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் வளையல் சத்தம் வந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம், எப்போதும் போல, மெல்லிசாக.

லோகப்பிரியா என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, எனக்கு நீ இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சுக் காட்டுன. அந்தப் பாப்பாவுக்கு யாரு பிரிச்சுக் காட்டுனாங்க?"

யாருமில்லை கண்ணு என்றேன்.

"அப்ப அது பெருசான பொறகும் தன்னாலதான்னே நெனைச்சுட்டு இருந்திருக்குமா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். கல்யாணம் ஆனவள் கை நிறைய அடுக்கும் வளையல் அப்படிக் கேட்காது. இது நாலைந்து சன்ன வளையல், மெலிந்த கையில் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிற சத்தம். சின்னக் கை. இத்தனை மாதமும் நான் தாய்க்குப் பயந்துகொண்டிருந்தேன், வாசலில் நின்றது தாய் இல்லை.

நான் எழுந்திருப்பதற்குள் லோகப்பிரியா எழுந்துவிட்டாள். வாசற்படி வரைக்கும் போய், இருட்டத் தொடங்கியிருந்த காம்பவுண்டைப் பார்த்து, பள்ளிக்கூடத்துத் தோழியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"உன்னால இல்ல பாப்பா. ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சிருந்தாங்க."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.